எலுமிச்சங்கட்டைக்குச் சாணி அப்பிய கதை

இந்த ஐப்பசி மழை எங்கள் பக்கம் பிடித்தால் பிடித்தபடி நின்றது. வீட்டுக் கதவெல்லாம் ஊதிப்போய், பூஜை அறைக் கதவை இடுப்பால் ஒரு இடி இடித்துத்தான் சாத்த முடிந்தது. அந்த அறைக்குள் அம்மாவின் குங்குமச் சிமிழ் மட்டும் எப்போதும்போல இருந்தது. மூடியை இழுத்தால் 'டப்' என்று திறக்கிறது. வைத்து விட்டால் உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டே தானாக இறங்கி உட்காருகிறது. இந்த மழையைப் பார்த்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். மழையைத் தாண்டிவிட்டது, எழுதுகிறேன்.

எலுமிச்சை மரத்தில் நான் கடைந்த மூன்றாவது சிமிழ் இது. முதல் இரண்டும் கெட்ட விதத்தைத்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் பட்டறை. பாளையங்கோட்டை வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு நாலடி இடம். அங்கே ஒரு பழைய மர லேத் நிற்கிறது, கட்டையைச் சுழலவிட்டு உளியால் சீவுகிற மிஷின். அரை எச்.பி. மோட்டார், நாலு படி வைத்த கப்பி. பெல்ட்டை ஒரு படியில் இருந்து இன்னொரு படிக்கு மாற்றினால் வேகம் நிமிஷத்துக்கு 700 சுற்றில் இருந்து 2,400 வரை போகும். மூடப்போன ஒரு பர்னிச்சர் பட்டறையில் 14,500 ரூபாய்க்கு எடுத்தேன். கட்டையைக் கவ்விப் பிடிக்கிற நாலு தாடை சக் 6,800. உளிகள் நாலும் சேர்த்து 4,200. உளி தீட்ட பெஞ்ச் கிரைண்டர் 2,600. எங்கள் ஊர்ப் பக்கம் இந்த வேலைக்கு லேத் வேலை என்று யாரும் சொல்வதில்லை, கடைசல்தான். கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பம்பரம் எல்லாம் கடைசல் பட்டறையில் இருந்து வந்தவை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் வைத்து விளையாடாத வீடு இந்தப் பக்கம் அபூர்வம். நான் அந்தப் பரம்பரை இல்லை. சனி ஞாயிறில் மட்டும் கடைகிற ஆள்.

கட்டை வந்தது மாமாவின் தோட்டத்தில் இருந்து. மனைவியின் அப்பா. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருக்கிறார். எலுமிச்சைக்கென்றே சந்தை கூடுகிற ஊர் அது. போன வருஷம் சித்திரையில் நாலு மரம் பட்டுப்போய் நின்றன. இலை ஒன்றுகூட இல்லை, முள்ளும் குச்சியும் மட்டும். "கொண்டு போங்க மாப்ள, இல்லன்னா வெறகுக்காரன் தூக்கிருவான்" என்றார். காய்ந்த மரம்தானே, உலர்த்துகிற வேலை மிச்சம் என்று சந்தோஷமாக அறுத்து, கார் டிக்கியில் 38 கிலோ ஏற்றிக்கொண்டு வந்தேன். முதல் தப்பு அது. கட்டைகளை மொட்டை மாடியில் அடுக்கினேன். இரண்டாவது தப்பு. அப்போது அக்கினி நட்சத்திரம்.

ஒரு வாரம் கழித்து மேலே போனால் எல்லாக் கட்டையும் வாயைப் பிளந்து கிடந்தது. கட்டையின் நட்டநடுவில் பென்சில் முனை அளவுக்கு மென்மையாக ஒரு புள்ளி இருக்கும் இல்லையா, அதை நடுக்கண் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி சுற்றிலும் வெடிப்பு. வெடித்த முனையை இரண்டு இரண்டு அங்குலமாக அறுத்துத் தள்ளினேன். அறுக்க அறுக்க வெடிப்பு உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சில கட்டைகளில் நடுவரைக்கும் நல்ல மரமே கிடையாது. போதாததற்குக் கட்டைகளுக்கு அடியில் கோலமாவு சிந்தின மாதிரி பொடி. வண்டு உள்ளே வீடு கட்டிக் குடும்பம் நடத்தியிருக்கிறது. ஒரு கட்டையைப் பிளந்தால் பழுப்புக் கோடுகளும், பிசின் கட்டித்துப்போன பைகளும். மரம் எந்த நோயில் பட்டதோ அதன் அடையாளம் எல்லாம் மரத்துக்குள்ளேயே இருந்தது.

38 கிலோவில் தேறியது மூன்று பம்பரம், ஒரு சிமிழ். பம்பரம் நன்றாக வந்தது. கனமான கட்டை, ஆணி அடித்தாலும் பிளக்கவில்லை, தெருப் பையன்கள் கையில் ஒன்று இன்னும் ஓடுகிறது. சிமிழைத்தான் ஐந்தரை சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கிளையில் கடைந்தேன். நடுக்கண் சரியாக அடிப்பாகத்தின் நடுவில் விழுந்தது. அழகாக வளையம் வளையமாகத் தெரிகிறதே என்று அதைப் போட்டோ வேறு எடுத்தேன். காலையில் பார்த்தால் அந்தக் கண்ணில் இருந்து விளிம்பு வரைக்கும் ஒரே கோடாகப் பிளந்து, சுண்டு விரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி.

பிளந்த சிமிழைப் பையில் போட்டுக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடைசல்கார அண்ணாச்சியைத் தெரியும். எழுபதை நெருங்குகிறவர். கையால் கயிறு இழுத்துக் கடைந்த காலத்தில் தொழிலுக்கு வந்து, பிறகு மோட்டாருக்கு மாறினவர். சிமிழைக் கையில் வாங்கிக் கட்டை விரல் நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது பட்ட மரம்லா?"

"ஆமா அண்ணாச்சி. காஞ்சிருக்கேன்னு எடுத்தேன்."

"பட்ட மரம் அடுப்புக்கு. கடைசலுக்கு உசுரோட வெட்டணும். எலுமிச்சை பச்சையில வெண்ணெய், காஞ்சா எலும்பு. வெண்ணெயா இருக்கும்போதே பாதி வேலையை முடிச்சிரணும். வெட்டின கையோட ரெண்டு முனையிலயும் பூசிரணும்."

"என்ன பூசணும் அண்ணாச்சி?"

"சாணிதான். வேற என்னத்தப் பூசுவ?"

சொப்புக்கு மஞ்சக்கடம்பு மாதிரிக் கட்டைகளைத்தான் அந்தக் காலத்தில் எடுப்பார்களாம். முறுக்காது, வெடிக்காது, அரக்கும் நன்றாகப் பிடிக்கும். எலுமிச்சையை யாரும் தேடிப்போய் வாங்குவதில்லை. நெருக்கமான கட்டை, வழவழப்பு வரும், ஆனால் பொறுமை வேண்டும் என்றார். கிளம்பும்போது ஒரு துண்டு அரக்குக் குச்சியும் காய்ந்த தாழை மடல் ஒன்றும் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இரண்டாவது சுற்று ஆடிக் கடைசியில். மாமா தோட்டத்தில் போர்வெல் லாரி உள்ளே வர வழி வேண்டியிருந்தது. காய்ப்பு ஓய்ந்த இரண்டு பழைய மரங்களை எடுத்தாக வேண்டும். உயிரோடு இருந்த மரம், இலை பச்சையாக இருந்தது. நான் முதல் நாளே போய் உட்கார்ந்துகொண்டேன். வெட்டுக் கூலி 900. எலுமிச்சை தரையில் இருந்து இரண்டடி மூன்றடியிலேயே கிளை பிரிந்துவிடும், அதனால் நேரான நடுமரம் கொஞ்சம்தான். தடித்த கிளைகளையும் சேர்த்து, ஏழு அங்குலம் விட்டமுள்ள எட்டுத் துண்டு கிடைத்தது. எனக்குத் தேவை ஒரு அடி நீளம், நான் ஒன்றரை அடியாக அறுக்கச் சொன்னேன். முனை வெடித்தாலும் இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் தள்ளிவிடலாம்.

பிறகு ஆப்பு. நடுக்கண் மேல் ஆப்பை வைத்துச் சுத்தியலால் அடித்தால், பச்சை எலுமிச்சை 'சர்ர்' என்று ஈரமாகக் கிழிகிறது. அறுப்பதைவிடப் பிளப்பதே நல்லது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மரத்தின் நார் எப்படி ஓடுகிறது என்று பிளவு காட்டிக்கொடுக்கும். ஒரு துண்டு பிளந்தபோது இரண்டு பாதியும் காற்றாடி இறக்கை மாதிரி முறுகி இருந்தன. அதை அப்போதே விறகில் போட்டேன். எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் அப்படிப்பட்ட கட்டை முறுகிக்கொண்டேதான் இருக்கும். மீதி 14 பாதி. ஒவ்வொன்றிலும் நடுக்கண் இருந்த விளிம்பை வாச்சியால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கித் தள்ளினேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அன்று முழுக்க வெயிலில் அரைக்கைச் சட்டையோடு கிளை ஒடித்து, பட்டை உரித்துக்கொண்டிருந்தேன். முள் குத்தினது பெரிதில்லை. இரண்டு நாள் கழித்து முன்கை இரண்டிலும் தீக்காயம் பட்ட மாதிரி சிவப்பு, பிறகு பழுப்புத் தழும்பு. போக ஒரு மாதம் ஆனது. எலுமிச்சைச் சாறோ இலைச்சாறோ பட்ட தோலில் வெயில் அடித்தால் இப்படி ஆகும். முழுக்கைச் சட்டை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

12 பாதியை அங்கேயே மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் வைத்து முனைகளில் பூசினேன். அண்ணாச்சி சொன்னதை முழுக்க நம்பவும் மனசில்லை, விடவும் மனசில்லை. அதனால் நாலுக்கு மெழுகு, நாலுக்கு ஃபெவிகால், நாலுக்குச் சாணி. மெழுகை ஒரு டின்னில் போட்டு, அந்த டின்னைக் கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்து உருக்கினேன். நேராக அடுப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும். ஃபெவிகாலில் தண்ணீர் கலக்காமல் இரண்டு பூச்சு. சாணியில் கொஞ்சம் செம்மண் குழைத்து விரல் தடிமனுக்கு அப்பினேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, வெறகுக்குப் போயி பொட்டு வச்சு அலங்காரம் பண்ணிட்டு இருக்கிய?"

அடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் குச்சி வைத்துக் காற்றோட விட்டேன். வெயில் படாத இடம். கட்டையிலேயே தேதியை மார்க்கரால் எழுதினேன். சாணிக்கு மட்டும் முதல் பத்து நாள் விரிசல் விட்டால் மறுபடி அப்ப வேண்டும். அதை அத்தை பார்த்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மெழுகு தோற்றுவிட்டது. ஈர மரத்தில் மெழுகு ஒட்டவில்லை, தோல் மாதிரி உரிந்து வந்தது. நாலில் இரண்டில் மூன்று அங்குல வெடிப்பு. மெழுகை இன்னும் சூடாக ஊற்றியிருந்தால் ஊறியிருக்குமோ என்னமோ. ஃபெவிகால் பூசின நாலில் ஒன்றில் மட்டும் மயிரிழை வெடிப்பு. சாணி பூசின நாலிலும் வெடிப்பே இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் முனையை ஒரு அங்குலம் அறுத்தபோது மூன்று கட்டைகளில் சாம்பல் நீலத்தில் கறை. சாணியின் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடித்திருக்கிறது. எலுமிச்சையின் அழகே வெண்ணெய் மாதிரி இருக்கும் அந்த வெளிர் மஞ்சள்தான். அதில் இந்தக் கறை மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. இரண்டு அங்குலம் அறுத்த பிறகே சுத்தமான மரம் வந்தது.

மீதி இரண்டு பாதியை வெட்டின அன்றே ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். கிண்ணத்துக்காக. கிண்ணத்தைப் பச்சையிலேயே தடியாகக் கடைந்து வைத்து, உலர்ந்து கோணின பிறகு மறுபடி கடைந்து முடிக்க வேண்டும். விட்டம் எவ்வளவோ அதில் பத்தில் ஒரு பங்கு சுவர்த் தடிமன் விட வேண்டும் என்பது கணக்கு. 130 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 14 விட்டேன்.

பச்சை எலுமிச்சையைக் கடைந்தவர்களுக்கு அதை விட்டுவிட மனசு வராது. 700 சுற்றில் தொடங்கினேன். பட்டை இருக்கும் வரைக்கும் 'தடக் தடக்' என்று உளி துள்ளுகிறது. பட்டை போனதும் சத்தம் சட்டென்று ஒரே இழையாகிவிடும். குழிவான வாயுள்ள உளியை, கோஜ் என்பார்களே, அதைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு முழ நீளத்துக்குச் சீவல் நாடா மாதிரி மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு விழுகிறது. முகக்கவசம் முழுக்கச் சாரல் மாதிரி ஈரம். எலுமிச்சை வாசனை கமகமக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கமகமக்காது. வாசனையெல்லாம் பட்டையோடும் இலையோடும் போய்விடுகிறது. மரத்துக்கு வெட்டின புல் மாதிரி பச்சை வாடைதான்.

இரண்டு கிண்ணம். ஒன்று 286 கிராம், இன்னொன்று 291. சமையலறைத் தராசில் நிறுத்து அடியில் பென்சிலால் எழுதினேன்.

291 கிராம் கிண்ணத்தை மைக்ரோவேவில் உலர்த்தப் பார்த்தேன். குறைந்த சூட்டில் இரண்டு நிமிஷம், வெளியே எடுத்து ஆறவிட்டு மறுபடி இரண்டு நிமிஷம். மூன்று தடவையில் 262-க்கு வந்துவிட்டது. ஒரு வார வேலை ஒரு மத்தியானத்தில் நடக்கிறதே என்று தலைகால் புரியாமல் நாலாவது தடவை ஐந்து நிமிஷம் வைத்தேன். கிண்ணத்தின் வெளிப்பக்கம் கை பொறுக்கிற சூடுதான். ஆனால் அடித்தடிமனுக்குள் இருந்து புகை வந்தது. எடுத்துத் தரையில் வைத்ததும் 'டணக்' என்று ஒரு சத்தம், அடியில் இருந்து விளிம்பு வரைக்கும் பிளவு. பிளவுக்குள்ளே பார்த்தால் கரி. "பால் சுட வைக்கிற பெட்டியில கட்டையப் போட்டு வேக வச்சிருக்கியேடா" என்று அம்மா கத்தினதில் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுக் கொதிக்க வைத்துத்தான் அந்தப் புகை வாடையைப் போக்கினோம்.

286 கிராம் கிண்ணம் அதிர்ஷ்டக்காரக் கிண்ணம். அதன் சீவலையே அதைச் சுற்றித் திணித்து, மளிகைக் கடைப் பழுப்புக் கவரில் போட்டு, வாயை மடித்து அலமாரிக்கு மேலே வைத்தேன். பிளாஸ்டிக் கவர் கூடாது, சாணிக்கு ஆன கதிதான் ஆகும். ஞாயிறுதோறும் நிறுவை. 286, 259, 241, 230, 223. பிறகு மெதுவாக இறங்கி 13-ஆவது வாரம் 208, 14-ஆவது வாரமும் 208. எடை இறங்காமல் நின்றால் உலர்ந்துவிட்டது. காலிப்பர் வைத்துப் பார்த்தால் வட்டம் முட்டையாகியிருந்தது. நார் ஓடுகிற திசையில் 129.5, குறுக்கே 122.5. ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். 14 மில்லிமீட்டர் சுவர் விட்டதன் காரணம் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. மறுபடி வட்டமாக்கிச் சுவரை 5 மில்லிமீட்டராகக் குறைத்தேன். அண்ணாச்சி சொன்ன எலும்பு இதுதான். நாடாச் சீவல் போய் மாவு மாவாக உதிர்கிறது, ஒரு கிண்ணத்துக்குள் உளியை நாலு தடவை தீட்டினேன். தூசு நெஞ்சைப் பிடிக்கிறது, முகமூடி இல்லாமல் வேண்டாம். கிண்ணத்தில் இப்போது கற்கண்டு இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

சிமிழுக்கு வருகிறேன். தீபாவளிக்கு அம்மாவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஃபெவிகால் பூசின ஒரு பாதியை வெட்டிப் பதினோராவது வாரமே கடைந்தேன். நடுக்கண் இல்லை, வெடிப்பு இல்லை, நார் நெட்டுக்குத்தாக ஓடுகிற மாதிரி வைத்தேன். பாடமெல்லாம் படித்துவிட்டேன் என்ற தைரியம். ஒரே மூச்சில் தொடங்கி முடித்தேன். மூடி உட்காருகிற கழுத்து 44.0 மில்லிமீட்டர், மூடிக்குள் குழி 44.1. மெருகுக்குத் தேங்காய் எண்ணெய். தீபாவளி அன்று சிமிழ் பளபளவென்று இருந்தது. எல்லாரும் கையில் வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார்கள்.

மாசியில் மூடி லேசாக ஆடத் தொடங்கியது. ஒரு கோணத்தில் வைத்தால் பிடிக்கும், கொஞ்சம் திருப்பினால் பிடிக்காது. பிடிக்கிற இடம் தெரிய அம்மா மூடியிலும் அடியிலும் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டார். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில், சிமிழை எடுத்த கையோடு மூடி மட்டும் கையில் நின்றது. குங்குமம் அத்தனையும் தரையில். பெருக்கி, துடைத்து, துடைத்த துணியையும் கழுவி, நாங்கள் கிளம்பும்போது நல்ல வெயில்.

அளந்து பார்த்தேன். கழுத்து ஒரு பக்கம் 43.6, இன்னொரு பக்கம் 42.9. பதினோரு வாரத்தில் மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே காயவில்லை. கடைந்த பிறகு மிச்ச ஈரமும் போய், மூடி தனியாகவும் அடி தனியாகவும் கோணிவிட்டன. தேங்காய் எண்ணெயும் தப்பு. அது காய்கிற எண்ணெய் இல்லை. குங்குமம் அதோடு சேர்ந்து களிம்பாகி, மரத்துக்குள் ஊறி, உள்பக்கம் முழுக்க ரோஸ் நிறம்.

மூன்றாவதற்குச் சாணிக் கட்டையைத்தான் எடுத்தேன், கறை இல்லாத நடுப்பகுதி. அப்போது வெட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. கிண்ணத்துக்குச் செய்ததைச் சிமிழுக்கும் செய்தேன். 66 மில்லிமீட்டர் விட்டத்துக்கு உருளையாக்கி, மூடியையும் அடியையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டையும் 8 மில்லிமீட்டர் சுவர் விட்டுக் குடைந்து வைத்தேன். முதலில் நடுவில் 25 மில்லிமீட்டர் பிட்டால் துளை போட்டுவிட்டால் குடைகிற வேலை பாதி குறையும். இரண்டும் சேர்ந்து 104 கிராம். எட்டு மாதக் கட்டையும் குடைந்த பிறகு இன்னும் ஆறு கிராம் தண்ணீரை விட்டது. 98-இல் நின்றபோது ஆடி வந்துவிட்டது. தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கிற மாதம். காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கிற அந்தப் பருவத்தில் முடித்தது தற்செயல்தான், ஆனால் அது நல்லதாகப் போயிற்று. கோடைக்கும் அடைமழைக்கும் நடுவில் இருக்கிற அளவு.

மூடியை முதலில் முடிக்க வேண்டும். அதைச் சக்கில் பிடித்து உள்குழியைக் கடைந்தேன், சுவர் நேராக, 9 மில்லிமீட்டர் ஆழம். பிறகு அடிப்பாகத்தைச் சக்கில் பிடித்து, அதன் கழுத்தை மூடிக்கு ஏற்ற மாதிரி இறக்குகிற வேலை. இதற்கு மட்டும் ஒரு முழுச் சாயங்காலம் போனது. கழுத்தின் நுனியில் ஒரு மில்லிமீட்டரை மட்டும் சாய்வாகச் சீவி, லேத்தை நிறுத்தி, மூடியை வைத்து லேசாகத் திருகினால், உரசின இடத்தில் மெல்லிய மினுக்கம் தெரியும். அந்த மினுக்கம்தான் கழுத்தின் சரியான அளவு. அங்கே வரைக்கும் மீதிக் கழுத்தை நேராக இறக்க வேண்டும். காலிப்பர் அதற்கு மேல் உதவாது. ஒரு சீவல், நிறுத்து, மூடு, திற. இன்னொரு சீவல். மூடி இறுக்கமாகப் பிடிக்கிற கட்டத்தில் அதை அப்படியே கழுத்தில் மாட்டி, மூடியின் மேல்பக்கத்தைக் கடைந்து முடித்தேன். கடைசியாகத்தான் கழுத்தை 400 நம்பர் உப்புத்தாளால் தொட்டுத் தொட்டுத் தளர்த்தினேன். இறுக்கம் 'டப்' ஆக மாறுவதற்கு உப்புத்தாள் மூன்று நொடி பட்டால் போதும். நாலாவது நொடி பட்டால் மூடி ஆடும்.

மூடியின் மேலே மணி மாதிரி ஒரு புடைப்பு கடையும்போது சாய்வு உளியின் முனை குத்திக்கொண்டது. கண் சிமிட்டுகிற நேரத்தில் மூடியைச் சுற்றி ஒரு தழும்பு. தூக்கிப் போடுவதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தழும்பின் ஆழத்துக்கே ஒரு பள்ளக் கோடு இழுத்துவிட்டேன். அதை வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்றுதான் அம்மா இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உள்பக்கத்துக்கு அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து மூன்று பூச்சு. வெளிப்பக்கத்துக்கு அண்ணாச்சி கொடுத்த அரக்குக் குச்சி. சுற்றுகிற மரத்தில் குச்சியை அழுத்தினால் உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகிப் பட்டையாக ஏறுகிறது. அதன்மேல் தாழை மடலை வைத்து அழுத்தினால் திட்டுத் திட்டாக இருந்தது பரவி, கண்ணாடி மாதிரி ஆகிறது. நான் இழைத்தது அண்ணாச்சியின் வேலைக்குப் பக்கத்தில் நிற்காது. கொஞ்சம் திட்டு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் குங்குமம் ஒட்டுவதில்லை, துணியால் துடைத்தால் போய்விடுகிறது. அம்மா குங்குமத்தை வீட்டிலேயே செய்கிறவர். மஞ்சளும் வெண்காரமும் எலுமிச்சைச் சாறும். சாறு கொடுத்த மரத்திலேயே குங்குமம் போய் உட்கார்ந்திருக்கிறது. முடித்த சிமிழ் 60 மில்லிமீட்டர் விட்டம், 49 கிராம்.

செலவுக் கணக்கு, மிஷின் உளி தவிர்த்து, இரண்டாவது சுற்றுக்கு மட்டும்: வெட்டுக் கூலி 900, மிச்சக் கட்டைகளை வீடு கொண்டுவரக் குட்டி யானை வண்டி 1,500, ஃபெவிகால் 290, மெழுகு 180, அரக்கு 160, ஸ்பிரிட் 120, உப்புத்தாள் 160. மொத்தம் 3,310 ரூபாய். சாணி இலவசம். கோயில் வாசலில் 60 ரூபாய்க்கு மரச்சிமிழ் கிடைக்கிறது என்று வீட்டில் நினைவுபடுத்தினார்கள்.

அடுத்த தடவை மெழுகைத் தொடமாட்டேன். வெட்டின அரை மணி நேரத்துக்குள் ஃபெவிகால் இரண்டு பூச்சு, அதன்மேல் சாக்கைத் தளர்வாகப் போர்த்தி நிழலில் வைப்பேன், அவ்வளவுதான். சாணி வெடிப்பை நிறுத்துகிறது, உண்மை. ஆனால் கறைக்காக முனைக்கு இரண்டு அங்குலம் அறுத்தால் ஒன்றரை அடியில் மிஞ்சுவது ஒரு அடி இரண்டு அங்குலம். கறை தெரியாத கறுத்த மரம் என்றால் சாணியே பூசுவேன், எலுமிச்சைக்கு வேண்டாம். சிமிழுக்கான கட்டைகளை முழுசாக வைத்து உலர்த்தாமல், முதல் வாரமே உருளையாக்கிக் குடைந்து கவரில் போட்டுவிடுவேன். எட்டு மாதம் காத்திருந்ததில் பாதி வீண்.

நேற்று மாமா போன் செய்தார். தோட்டத்தில் இன்னும் இரண்டு எலுமிச்சையும், கிணற்றடி நார்த்தை ஒன்றும் எடுக்கப்போகிறார்களாம். நார்த்தை எலுமிச்சையைவிடத் தடிமன், எட்டு அங்குலம் வரும் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சாணி ரெண்டு வாளி கரைச்சு வைக்கச் சொல்லிருக்கேன் மாப்ள, எப்ப வாறிய?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன். இரண்டு கிலோ ஃபெவிகால் டப்பாவை வாங்கிப் பைக்குள் அடியில் வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.